எழுதப் பழகுவோம்: வாசகர் கேள்விகள்

அனுப்பிய மூன்று கதைகளும் திரும்பிவிட்டன. ‘உரையாடல் செயற்கை’ என்கிறார்கள். ஒரு கதையின் முதல் இரண்டு பக்கங்களை இணைத்திருக்கிறேன். எனக்கு எழுத வராதா?
– வாசகி, தென்காசி

வரும். இரண்டாம் பக்கத்தில், அடகுக்கடை ரசீது அரிசிப் பானைக்குள்ளிருந்து மருமகள் கையில் அகப்படும் இடமே அதற்குச் சாட்சி. கதையை அங்கேயே தொடங்குங்கள். அதற்கு முன்னால் வரும் விடியல், சேவல், காபி எல்லாம் நீங்கள் கதைக்குள் நுழைய உதவியவை, வாசகருக்குத் தேவையில்லை.

இனி உரையாடல். “நீங்கள் ஏன் இதை என்னிடம் முன்பே கூறவில்லை?” என்று ஆத்திரத்துடன் கேட்டாள் என எழுதியிருக்கிறீர்கள். எந்த மருமகளும் மாமியாரிடம் ‘கூறவில்லை’ என்று பேசமாட்டாள். இப்படி மாற்றிப் பாருங்கள்: “ஏன் அத்தை, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்றாள். ரசீதை மடித்துப் பானைக்குள்ளேயே போட்டாள். ஆத்திரம் அந்தக் கையிலேயே தெரிகிறது, ‘ஆத்திரத்துடன்’ வேண்டாம். ‘கனத்த குரலில்’, ‘விரக்தியாக’ போன்றவற்றையும் அடித்துவிட்டுப் படியுங்கள். அவை இல்லாமல் உணர்ச்சி தெரியவில்லையென்றால், பேச்சைத்தான் மாற்றி எழுத வேண்டும்.

கதைசொல்லும் பகுதி எழுத்து நடையிலேயே இருக்கட்டும். பேச்சிலும் ஒவ்வொரு ஒலியையும் அப்படியே பிடிக்கப் போனால் மற்ற ஊர்க்காரர்கள் தடுக்கி விழுவார்கள். வட்டாரச் சொற்கள் பக்கத்துக்கு நாலைந்து போதும். முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே தயங்குகிறதோ அங்கே திருத்துங்கள்.

நிறையக் கதைகள் பாதியில் நிற்கின்றன. முடிக்க என்ன வழி?
– வாசகர், ஓசூர்

தினமும் உட்கார்ந்ததும் முதல் பக்கத்தைச் செதுக்குகிறீர்களா? முதலில் அதை நிறுத்துங்கள். தெரியாத பெயரோ தகவலோ குறுக்கிட்டால் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். நாளுக்கு 300 சொற்கள் எழுதினால் 1,500 சொல் கதை ஐந்து நாளில் முடியும். காட்சியை முடித்துவிட்டு எழாதீர்கள். நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன என்று ஒரு வரி குறித்து வையுங்கள். மறுநாள் வெறும் தாளை வெறித்துக்கொண்டிருக்க வேண்டியிராது.

அப்படியும் நின்றால், பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பது உங்களுக்கே பிடிபடவில்லை என்று பொருள். யார், எதை விரும்புகிறார், எது தடுக்கிறது என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். கையிலிருப்பவற்றில் எந்தக் கதைக்கு இந்த வரி சட்டென்று வருகிறதோ, அதை முதலில் முடியுங்கள்.

நான் அனுப்பும் கதை, பெறுபவர் கணினியில் வேறு எழுத்துகளாகத் தெரிகிறதாம். ஏன்?
– வாசகி, திருச்சி

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தட்டுங்கள், தமிழ்99 விசைப்பலகை கைக்குப் பழகினால் வேகமும் கூடும். பழைய கோப்பை யூனிகோடாக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தால் ஸ்ரீ, ஔ, கொம்பும் காலும் சேரும் எழுத்துகளை ஒருமுறை சரிபாருங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பெயர், முகவரி, கைப்பேசி எண்ணை மின்னஞ்சலில் மட்டுமின்றிக் கோப்பின் உள்ளேயும் எழுதுங்கள். பதில் வரும்வரை அதே கதையை இன்னோர் இதழுக்கு அனுப்ப வேண்டாம். அந்த இடைவெளியில் அடுத்த கதையைத் தொடங்கிவிடுங்கள்.