சஃபாரி முகாமுக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கட்டலாமா?

கேள்வி: டிசம்பர் லீவில் பிள்ளைகளுக்குக் காட்டுக் கழுதை காட்டலாம் என்று குஜராத்தில் ஒரு பாலைவன முகாமில் விசாரித்தோம். 'கட்ச் ரண், இரண்டு இரவு, சஃபாரியுடன்' என்கிறார்கள். முழுப் பணத்தையும் இப்போதே யுபிஐயில் போட வேண்டுமாம். ரத்து செய்தால் திரும்பக் கிடைக்காதாம். போடலாமா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: இப்போது போடாதீர்கள். ரண் என்றால் உப்புப் பாலைவெளி; கட்ச்சில் பெரிய ரண், சின்ன ரண் என்று இரண்டு உண்டு. முகாம் எந்த ரண்ணில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். வெள்ளை உப்புவெளிக்குப் பேர்போன தோர்டோ, புஜ் நகருக்கு வடக்கே பெரிய ரண்ணில் இருக்கிறது. 1973இல் அறிவிக்கப்பட்ட காட்டுக் கழுதைச் சரணாலயம் இருப்பதோ சின்ன ரண்ணில். விளம்பரத்தில் இரண்டும் 'கட்ச் ரண்'தான். இடையில் பல மணி நேரப் பயணம். உங்களுக்குத் தோதானவை தஸாடா, ஜைனாபாத், பஜாணா பக்கத்து முகாம்கள். ரயிலில் போனால் விரம்காமில் இறங்கலாம்.

'சஃபாரியுடன்' என்ற ஒரு சொல்லை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். எத்தனை தடவை, எத்தனை மணி நேரம், ஜீப் உங்களுக்கு மட்டுமா, வனத்துறை நுழைவுக் கட்டணமும் சேர்ந்ததா என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். நீங்கள் போவதே அந்த ஜீப்புக்காகத்தான். கூடார அலங்காரமும் ராத்திரி ஆட்டபாட்டமும் அதற்கு அப்புறம்தான். வெளிர் பழுப்பு உடம்பும் வெள்ளை வயிறும் முதுகில் கரும்பட்டையுமாக, வெடித்த களிமண் தரையில் காட்டுக் கழுதைகள் கூட்டமாக நிற்கும்; அந்த அழகைப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். 2024 கணக்கெடுப்பில் 7,672 இருந்தன என்பதால் காணக் கிடைப்பது அநேகமாக நிச்சயம். ஆனால் ஓநாயும் கட்டாயம் காட்டுவோம் என்று சத்தியம் செய்கிற முகாமை விட்டுவிடுங்கள். அந்த உறுதி யாராலும் தர முடியாது. விடிகாலைத் திறந்த ஜீப்பில் காற்று ஊசியாகக் குத்தும், குல்லாயும் ஸ்வெட்டரும் மறக்காதீர்கள்.

பணத்துக்கு வருவோம். கால் பங்கு முன்பணம், மீதி அங்கே போய் என்று பேசுங்கள். எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதும் எழுத்தில் வேண்டும். மசியவில்லை என்றால் வேறு முகாம் பாருங்கள். தனிநபர் எண்ணுக்கு அனுப்பாமல், நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள்.

சொன்னது கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மும்பையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். குஜராத்துக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. அதுவரை ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.