முன்முதுமை நோயாளிகளின் செல்களில் குரோமோசோம்கள் உடைவதுதான் முதுமைக்குக் காரணமா?

கேள்வி: வெர்னர் நோய், புரோஜீரியா போன்ற, இளவயதிலேயே முதுமை தோன்றும் மரபுநோய்கள் உள்ளவர்களின் செல்களில் குரோமோசோம்கள் (டி.என்.ஏ. சுருண்டிருக்கும் இழைகள்) நிலையாக இருப்பதில்லை என்கிறார்கள். அப்படியானால், குரோமோசோம் உடைய உடையத்தான் மனிதருக்கு முதுமை வருகிறதா?

பதில்: பெங்களூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் 11 ஆண்டுகளாகக் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். உடைவுக்கும் முதுமைக்கும் தொடர்பு உண்டு. ஆனால் கூடுதலாக உடைந்தால் விரைவில் முதுமை என்ற நேர்க்கணக்கு இந்த நோய்களில் ஒத்துவருவதில்லை.

நீங்கள் சொல்வதற்கு மிக அருகில் வருவது வெர்னர் நோய். ஜெர்மானிய மருத்துவ மாணவர் ஓட்டோ வெர்னர் 1904இல் ஒரே குடும்பத்தின் நான்கு உடன்பிறந்தாரிடம் இதைக் கண்டு எழுதினார். பதின்பருவத்தில் வரவேண்டிய வளர்ச்சி வராமல் போகும். இருபதுகளில் நரை, முப்பதையொட்டிக் கண்புரை, பிறகு சர்க்கரை நோய், பெரும்பாலும் ஐம்பதுகளில் மாரடைப்பாலோ புற்றுநோயாலோ மரணம். இதற்குக் காரணமான மரபணு 8ஆம் குரோமோசோமில் இருப்பது 1996இல் அடையாளம் காணப்பட்டது. டி.என்.ஏ.வின் முறுக்கைப் பிரித்துவிடும் ஹெலிகேஸ் என்ற நொதியை அது உண்டாக்குகிறது. டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது சிக்கல் விழும் இடங்களில், குறிப்பாகக் குரோமோசோம்களின் நுனியாகிய டெலோமியரில், இந்த நொதி இல்லாவிட்டால் வேலை நின்றுபோகிறது. நுனியை இழந்த குரோமோசோம் இன்னொன்றின் நுனியோடு ஒட்டிக்கொள்கிறது. செல் பிரியும்போது அந்த ஒட்டு இருபுறமும் இழுபட்டு வேறோர் இடத்தில் அறுகிறது. அறுந்த முனை மறுபடியும் ஒட்டுவதற்கு இடம் தேடுகிறது. இந்நோயாளியின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்தால், ஒரு செல் கூட்டத்தில் குரோமோசோம் துண்டுகளின் ஒருவகை இடமாற்றமும் அடுத்த கூட்டத்தில் முற்றிலும் வேறொரு வகை இடமாற்றமும் தெரியும். அந்தச் செல்கள் சாதாரணச் செல்களைவிட மிகக் குறைந்த தடவைகளே பிரிந்து ஓய்ந்துவிடும். டெலோமியரை நீட்டும் டெலோமரேஸ் நொதியை அவற்றுள் புகுத்தியபோது அந்த ஓய்வு தள்ளிப்போனது 2000இல் காட்டப்பட்டது.

இனி புளூம் நோயைப் பாருங்கள். அதில் பழுதாவதும் வெர்னர் நொதியின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஹெலிகேஸ்தான். தனிச் சாயமுறையில் பார்த்தால் ஒவ்வொரு குரோமோசோமும் கட்டம் போட்ட துணியைப் போல் கறுப்பும் வெளுப்புமாக மாறி மாறித் தெரியும், ஏனெனில் அதன் இரு இழைகளும் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்வது சாதாரணச் செல்லைவிடச் சுமார் 10 மடங்கு அதிகம். இவ்வளவு கலைந்தும் அந்த நோயாளிகள் வெர்னர் நோயாளிகளைப் போல் முதியவர்களாகத் தோன்றுவதில்லை. குள்ளமாக இருப்பார்கள், வெயில் பட்டால் முகம் சிவக்கும், இளவயதிலேயே புற்றுநோய் வரும். மறுபுறம், காக்கேய்ன் என்ற இன்னொரு மரபுநோயில் குரோமோசோம் உடைவு பெரிதாக இல்லை, புற்றுநோயும் கூடுவதில்லை. ஆனால் குழந்தைகள் முதிர்ந்துவிடுகிறார்கள். ஆகவே உடைவைக் கண்ட செல் பிரிவதை நிறுத்திக்கொள்கிறதா, மடிகிறதா, அல்லது பழுதோடு தொடர்ந்து பெருகுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நிறுத்திக்கொண்டால் முதுமையின் பக்கமும், பெருகினால் புற்றுநோயின் பக்கமும் தராசு சாய்கிறது.

நாங்கள் பார்ப்பதெல்லாம் உண்மையான உடைவு அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரத்த அணுக்களை 72 மணி நேரம் வளர்த்து, கோல்ச்சிசின் சேர்த்துப் பிரிவை நிறுத்தி, உப்புக் கரைசலில் ஊதவைத்து ஸ்லைடில் சொட்டுவோம். இந்த ஊரில் மார்ச் மாத வறட்சியில் குரோமோசோம்கள் விரியும் விதம் வேறு, மழைக்காலத்தில் வேறு. கூடுதலாக விரிந்து சிதறினால் 46க்குப் பதில் 44தான் கண்ணில் படும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாயம் ஏறாத சிறு இடைவெளிகளையெல்லாம் உடைவு என்று எண்ணி அறிக்கை எழுதி, மூத்தவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

புரோஜீரியாவின் கதை வேறு. இதில் பழுதாவது டி.என்.ஏ.வைச் சீர்செய்யும் மரபணு அல்ல. செல்லின் உட்கருவுக்குச் சட்டமாக நிற்கும் லாமின் ஏ புரதத்தின் மரபணு. 2003இல் கண்டறியப்பட்டபடி, அதன் டி.என்.ஏ. வரிசையில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால் 50 அமினோ அமிலங்கள் குறைந்த புரோஜெரின் என்ற புரதம் உருவாகி, உட்கருவின் உறையிலேயே தங்கி அதைக் கோணலாக்குகிறது. டி.என்.ஏ.வில் விழும் காயங்களும் ஆறத் தாமதமாகின்றன. ஆனால் இந்த எழுத்து மாற்றத்தை வழக்கமான குரோமோசோம் பரிசோதனை காட்டிக்கொடுக்காது.

இப்படித்தான் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தந்தை, “46 குரோமோசோமும் சரியா இருக்குன்னு போட்டிருக்கீங்க சார், புள்ளையப் பாத்தா அப்படியா இருக்கு?” என்று அறிக்கையை நீட்டினார். ஓர் எழுத்தின் மாற்றம் நுண்ணோக்கியில் தெரியாது, மரபணுவின் வரிசையையே படித்துப் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாம் அக்கா மகளைக் கட்டியவர் என்றும், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று ஊரே தம் மனைவியைத் தூற்றுகிறது என்றும் சொன்னார். வெர்னர், புளூம் நோய்களில் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான நகல் வரவேண்டும். அங்கே சொந்தத்தில் மணப்பதற்குப் பங்கு உண்டு. புரோஜீரியாவிலோ அந்த எழுத்து பெரும்பாலும் அந்தக் குழந்தையிடம்தான் புதிதாக மாறுகிறது. ஒரு நகல் மாறினாலே நோய் வந்துவிடும். வரிசைப் பரிசோதனையின் முடிவும் அதுவாக இருந்தால் திருமணம் காரணமாகாது என்றேன். அதை ஒரு தாளில் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார், எழுதிக் கொடுத்தேன்.