பிஸ்கட் பாக்கெட்டில் துள்ளும் எழுத்து: இலவசம் என்றால் எதற்கு இலவசம்?

கேள்வி: வீட்டிலேயே கேழ்வரகு பிஸ்கட் செய்து விற்கிறேன். குழந்தைகளுக்கான தின்பண்டம் என்பதால், பாக்கெட்டில் பெயரைக் கையால் வரைந்தது போன்ற துள்ளலான எழுத்தில் போட ஆசை. டிசைனர் இணையத்தில் எடுத்த இலவச ஃபாண்ட் ஒன்று பிடித்துவிட்டது. ஆனால் கூடவே வந்த குறிப்பில் 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இருக்கிறது. 'அதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்' என்கிறார். அச்சடிக்கலாமா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். மகளின் பிறந்தநாள் அழைப்பிதழுக்கு அந்த ஃபாண்ட் சரி. விலைக்கு விற்கும் பாக்கெட் சொந்தப் பயன்பாட்டில் சேராது. பிற்பாடு எழுத்தை வரைந்தவர் கேள்வி கேட்டால், பாக்கெட்டில் இருப்பது உங்கள் பெயர்தான். அந்த எழுத்தேதான் வேண்டும் என்றால் வரைந்தவரிடமே வணிக உரிமம் வாங்குங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும்.

காசில்லாமலும் நல்ல வழி உண்டு. கூகுள் ஃபாண்ட்ஸ் என்ற இணையதளத்தில் பலூ தம்பி 2, கவிவனார், காய்னி ஆகிய மூன்றும் தமிழுக்கு இருக்கின்றன. மூன்றும் திறந்த உரிமத்தில் வருபவை. பாக்கெட், பேனர், லோகோ என எதில் வேண்டுமானாலும் போடலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே இவற்றுக்கு 'ஃபாண்ட் விலை' என்று யாராவது தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். வடிவமைப்புக் கூலியைத் தாராளமாகக் கொடுங்கள், அது அவருடைய உழைப்பு.

என்னைக் கேட்டால் பலூ தம்பி 2. மும்பை ஏக் டைப் குழுவினர் செய்தது. குண்டு குண்டான, முனை மழுங்கிய எழுத்துகள், ஐந்து தடிமன்களில் கிடைக்கும். சின்ன பிளாஸ்டிக் பையில் மை கொஞ்சம் பரவினாலும் வடிவம் குலையாது. இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார், சாய்ந்த கையெழுத்து போல அத்தனை அழகு. ஆனால் கோடு மெல்லியது. கடை வாசல் பலகைக்கோ வாழ்த்து அட்டைக்கோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும், பணம் கொடுக்கும் முன் உங்கள் பிஸ்கட்டின் பெயரையே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் அழகாக இருந்துவிட்டு, தமிழே இல்லாத ஃபாண்டுகள் ஏராளம். அப்புறம் 'கொ', 'கோ', 'ஸ்ரீ' மூன்றையும் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் பெரும்பாலும் ஃபாண்டின் குற்றமல்ல. போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்க வேண்டியிருக்கலாம். பலர் அதைச் செய்வதில்லை. பழைய பாமினி வகை ஃபாண்டாக இருந்தால், இன்று ஃபோனிலும் கணினியிலும் வழக்கமான யூனிகோடு முறையில் அடித்தது அதில் தமிழாகவே வராது.

துள்ளல் பெயரோடு நிற்கட்டும். சேர்மானம், எடை, விலை, தயாரித்த தேதி, உணவு உரிம எண் இவற்றையெல்லாம் சாதாரண எழுத்தில் போடுங்கள். பிள்ளைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத ஒரு தாய், கடையில் நின்றபடியே சேர்மான வரியைப் படித்தாக வேண்டும்.