80 வாட் சிஓ2 லேசர் கட்டிங் மெஷினை வீட்டுக் கீழ்த்தளத்தில் வைத்து ஓட்டலாமா? எதற்குப் பயப்பட வேண்டும், எப்படிப் பராமரிக்க வேண்டும்?

கேள்வியின் விவரத்தில் நீங்கள் சொல்லியிருப்பது: மெஷின் வாங்கியாகிவிட்டது, கீழ்த்தளத்தில் போட்டு நேம் போர்டு, ஷீல்டு, கல்யாணப் பத்திரிகை வேலைகள் எடுக்கப்போகிறீர்கள், மாடியில் குடும்பம் இருக்கிறது. "கதிர் வெளியே வராது, பயப்பட ஒன்றுமில்லை" என்று விற்றவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் சொன்னது பொய்யில்லை. சிஓ2 லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். சாதாரணக் கண்ணாடியும் அக்ரிலிக்கும் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். மூடி மூடியிருக்கும்வரை கதிர் உங்களைத் தொடாது. ஆனால் கதிரைப் பற்றி மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு மெஷினை ஆன் செய்பவர்கள், தீ, புகை, ஹை வோல்டேஜ் மூன்றையும் கோட்டை விடுகிறார்கள். நேம் போர்டு கடை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் தொழிலில் அடி விழுவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

முதலில் தீ. அக்ரிலிக் வெட்டும்போது கதிர் வெளிவரும் முனையான நாஸிலுக்கு அடியில் சின்னதாக மஞ்சள் சுடர் தெரியும். நாஸில் மாட்டிய தலை நகர நகர அதுவும் கூடவே நகரும். இது சாதாரணம். தலை முன்னால் போன பிறகும் வெட்டிய இடத்திலேயே சுடர் நின்று ஆடுகிறதென்றால், அது லேசர் இல்லை, அக்ரிலிக்கே பற்றிக்கொண்டுவிட்டது. அந்த இடத்திலிருந்து உங்கள் கையில் இருப்பது சில விநாடிகள்தான். அக்ரிலிக் உருகிச் சொட்டும், சொட்டுவதும் எரியும், கீழே ட்ரேயில் வாரக்கணக்காகச் சேர்ந்த துண்டுகளும் எம்டிஎஃப் (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) தூளும் அதற்காகவே காத்திருக்கும். வெட்டும் இடத்தில் காற்றை ஊதிச் சுடரைத் தள்ளும் ஏர் பம்ப் ஓடாதபோது, 10, 12 மில்லி ஷீட்டை மெதுவாக வெட்டும்போது, பொடி எழுத்துகளை நெருக்கி அடுக்கி வெட்டும்போது, ஒரே கோட்டில் இரண்டு மூன்று தடவை ஓட்டும்போது இது அதிகம் நடக்கும். இன்னொன்றும் உண்டு: வெட்டிய துண்டு நிமிர்ந்து நின்று தலையில் இடிக்கும், பெல்ட் நழுவும், கதிர் ஓரிடத்திலேயே நின்று எரிக்கும்.

அதனால் ஜாப் ஓடும்போது பக்கத்தை விட்டு நகராதீர்கள். டீ குடிக்க, போன் பேச, மாடியில் சாப்பிட என்று எழுந்தால் ஜாபை நிறுத்திவைக்கும் பாஸ் (Pause) பட்டனை அழுத்திவிட்டு எழுங்கள். கேமரா வைத்து மாடியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்வார்கள். கேமராவுக்குக் கை கிடையாது.

சுடர் அப்படி ஓரிடத்தில் பற்றிக்கொண்டுவிட்டால் முதலில் எமர்ஜென்சி பட்டன். ஏர் பம்ப்பும் எக்ஸாஸ்ட்டும் தனி ஸ்விட்சில் இருந்தால் அவற்றையும் நிறுத்துங்கள், அவை ஊதி விடுகிற காற்றில்தான் தீ வளரும். அப்புறம் ஃபயர் பிளாங்கெட்டைப் போட்டு மூடுங்கள், அல்லது சிஓ2 தீயணைப்பு சிலிண்டரை அடியுங்கள். கடைகளில் பொதுவாகக் கிடைக்கிற ஏபிசி பவுடர் சிலிண்டரும் தீயை அணைக்கும். ஆனால் அந்தத் தூள் தலை ஓடும் ரெயிலுக்குள்ளும் கதிரைத் திருப்பிவிடும் கண்ணாடிகளிலும் போய் மெஷினையும் சேர்த்து முடித்துவிடும். முதலில் எடுப்பது சிஓ2 ஆக இருக்கட்டும், பவுடர் இரண்டாவதாக வாசலோரம் தொங்கட்டும். கை மீறிப் போனால் மெஷினைப் பற்றி யோசிக்காமல் அதை எடுங்கள். சின்ன அறையில் சிஓ2 அடித்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். சிலிண்டர்களை மெஷினுக்குப் பின்னால் மாட்டாதீர்கள். எரிகிற பெட்டியைத் தாண்டிக் கை நீட்டி யாரும் சிலிண்டர் எடுக்க முடியாது.

அடுத்தது புகை. இங்கேதான் நம் ஊர் வேலைக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. உங்களிடம் வரும் பார்ட்டி அக்ரிலிக்கோடு நிற்கமாட்டார். ரெக்ஸின் ஃபைல் கவர் கொண்டுவந்து லோகோ போடச் சொல்வார், சன்போர்டில் எழுத்து வெட்டச் சொல்வார், ஃப்ளெக்ஸ், வினைல் ஸ்டிக்கர், மல்டிவுட் என்று எதையாவது நீட்டுவார். இவை எல்லாம் பெரும்பாலும் பிவிசி. பிவிசியை லேசரில் எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நுரையீரலுக்கும் அதேதான், மெஷினுக்கும் அதேதான். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ரெக்ஸின் வேலையை மும்முரமாக எடுத்தார்கள். ரெயில், ஸ்க்ரூ, பேரிங் எல்லாம் செம்பழுப்பாகத் துருவேறி, தலையைக் கையால் தள்ளினாலே கரகரவென்று இழுத்தது.

இந்தப் பொருள் பிவிசியா என்று பார்க்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. தடித்த செம்புக் கம்பி ஒன்றை எடுத்து, முனையை கேஸ் டார்ச் சுடரில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சூட்டோடு அந்தப் பொருளைத் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பளீரென்று பச்சையாக மாறினால் உள்ளே குளோரின் இருக்கிறது, வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய வயரிலிருந்து கம்பி எடுத்தால் கவனம்: அந்த வயரின் உறையே பிவிசிதான், ஒட்டியிருக்கும் துணுக்கும் பச்சை காட்டும். முதலில் வெறும் கம்பியைப் பச்சை வராதவரை காய்ச்சிக்கொள்ள வேண்டும். வாசலுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். "அடுத்த கடையில் செய்கிறார்களே" என்று பார்ட்டி சொன்னால் சரி, அங்கேயே செய்துகொள்ளட்டும்.

பாலிகார்பனேட் பார்க்க அக்ரிலிக் மாதிரியே இருக்கும், வெட்டினால் மஞ்சளாகிக் கருகிப் பற்றிக்கொள்ளும். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கை வெட்டினால் சயனைடு வாயு வரும். தெர்மாகோலும் வேண்டாம். தோல் என்றால், குரோம் போட்டுப் பதப்படுத்தியதைத் தவிர்த்துவிட்டு, பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்தியதை எடுங்கள்.

வெட்டக்கூடிய பொருள் என்பதற்காக அதன் புகையைச் சுவாசிக்கலாம் என்றும் இல்லை. எம்டிஎஃப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும், அக்ரிலிக்கின் அந்தக் காட்டமான வாசனை மெத்தில் மெத்தாக்ரிலேட். உங்கள் விஷயத்தில் மாடியில் ஆட்கள் இருப்பதால், எக்ஸாஸ்ட் குழாயை ஜன்னலோடு நிறுத்தாதீர்கள். அங்கே விட்ட புகை நேராக மேல் ஜன்னலுக்குத்தான் ஏறும். மொட்டை மாடிக்கு மேலே கொண்டுபோய் விடுங்கள், ப்ளோவரைக் குழாயின் கடைசி முனையில் வையுங்கள். அப்போதுதான் குழாய் முழுக்க உறிஞ்சும் பக்கமாக இருக்கும், இணைப்பில் ஓட்டை இருந்தாலும் புகை வீட்டுக்குள் கசியாது. ப்ளோவரின் இறக்கைகளில் எம்டிஎஃப் தார் மாதிரி ஒட்டும். அதைச் சுரண்டி எடுப்பது மாதம் ஒருமுறையாவது செய்ய வேண்டிய அழுக்கு வேலை. அந்தப் பிசினும் எரியும், மறந்துவிடாதீர்கள்.

இனி ஹை வோல்டேஜ். லேசர் உண்டாகும் கண்ணாடி ட்யூபுக்குப் போகும் தடித்த சிவப்பு வயரில் 20,000 வோல்ட் அளவில் இருக்கும். மெயினை அணைத்த பிறகும் பவர் சப்ளையில் சார்ஜ் தங்கியிருக்கும். ட்யூப் பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கி, நன்றாகப் பொறுத்திருந்து, அப்புறம் திறங்கள். அந்த முனையில் கை வைக்கும் வேலையை விஷயம் தெரிந்த ஆளிடம் விட்டுவிடுங்கள். எர்த் இல்லாமல் இந்த மெஷினை ஒருநாளும் ஓட்டாதீர்கள். மூன்று பின் சாக்கெட் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை, பழைய வீடுகளில் அந்த மூன்றாவது ஓட்டை சும்மா அலங்காரத்துக்கு இருக்கும். எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள், சந்தேகமிருந்தால் தனி எர்த் குழி போடுங்கள்.

ட்யூபின் ஆயுள் தண்ணீரிலும் கரண்ட்டிலும் இருக்கிறது. ட்யூபைச் சுற்றி ஓடும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் என்று சிடபிள்யூ-3000-ஐ விலை குறைவாகத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதில் கம்ப்ரஸர் கிடையாது, வெறும் ரேடியேட்டரும் ஃபேனும்தான். அறை 38 டிகிரி என்றால் தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. ட்யூபுக்குத் தேவை 20 டிகிரியை ஒட்டி. நம் வெயிலுக்குக் கம்ப்ரஸர் உள்ள 5000 அல்லது 5200தான் சரி. ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணீரில் உப்புப் படிவது ஒரு பக்கம், உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பது இன்னொரு பக்கம். ட்யூபுக்குள் காற்றுக் குமிழி தங்கியிருந்தால், தண்ணீர் வெளியேறும் வாய் மேலே பார்த்திருக்கும்படி ட்யூபைத் திருப்பி வைத்துக் குமிழியை வெளியேற்றுங்கள். குமிழி நின்ற இடம் சூடாகிக் கண்ணாடி விரிசல் விடும்.

கடலோர ஊர் என்றால் எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. அறையில் 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், 27 டிகிரிக்குக் கீழே உள்ள எதன் மேலும் வியர்வை மாதிரி நீர் பூக்கும். 20 டிகிரித் தண்ணீர் ஓடும் ட்யூபின் மேலும் பூக்கும், ஹை வோல்டேஜ் அந்த ஈரத்தின் வழியாகப் பொறி பாயும். ஏசி போட்டு ஈரத்தை எடுப்பதுதான் சரியான வழி. முடியாத நாளில் தண்ணீரை 27க்குக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டு, பவரைக் குறைத்து ஓட்டுங்கள்.

தண்ணீர் ஓட்டம் நின்றால் லேசரை நிறுத்த ஒரு சென்ஸர் வயர் இருக்கும். "அடிக்கடி எரர் வருகிறது" என்று அதைச் சின்னக் கம்பியால் ஷார்ட் செய்துவிட்டுப் போகும் சர்வீஸ் ஆட்கள் இருக்கிறார்கள். மூடி ஸ்விட்சையும் அப்படியே செய்வார்கள். உங்கள் மெஷினில் இரண்டும் உண்மையில் வேலை செய்கிறதா என்று இன்றே பாருங்கள்: தண்ணீர் பம்ப்பை நிறுத்தி, சோதனைக்குக் கதிரை விடும் பல்ஸ் பட்டனை அழுத்தினால் கதிர் வரக்கூடாது, ஜாப் ஓடும்போது மூடியை விரலளவு தூக்கினால் கதிர் நிற்க வேண்டும்.

திரையில் காட்டும் பவர் சதவீதத்தை நம்பாதீர்கள். ட்யூபின் ஸ்டிக்கரில் அதிகபட்சம் எத்தனை மில்லி ஆம்ப் என்று போட்டிருக்கும். 100 சதவீதம் வைத்தால் பல பவர் சப்ளைகள் அதைத் தாண்டித் தள்ளும். ஒரு முள் மீட்டர் போட்டுக்கொண்டு, அதிகபட்சத்தில் முக்கால் பாகத்துக்குள் ஓட்டுங்கள்.

லென்ஸும் கண்ணாடிகளும் எம்டிஎஃப் வெட்டுகிற நாளில் தினமும் பார்க்க வேண்டியவை. லென்ஸ் நடுவில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தால், அந்த அழுக்கு கதிரை உறிஞ்சிச் சூடாகி லென்ஸையே உடைத்துவிடும். ஆறிய பிறகு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸை அழுத்தாமல் உருட்டி எடுங்கள். சட்டைத் துணியால் துடைத்தால் கோடு விழும். லென்ஸ் ஸிங்க் செலினைடு, உடைந்தால் அதன் தூள் நஞ்சு. மாஸ்க், கையுறை போட்டு, ஈரத் துணியில் ஒற்றியெடுத்து, கவரில் கட்டிப் போடுங்கள். திரும்ப மாட்டும்போது குவிந்த பக்கம் மேலே. ரெயிலைத் துடைத்து லேசாக எண்ணெய் விடுவது, பெல்ட் தொய்வு பார்ப்பது எல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள்.

கடைசியில்தான் கதிர். கதிர் சரியான இடத்தில் விழுகிறதா என்று அலைன்மென்ட் பார்க்கும்போது மூடி திறந்திருக்கும், பேப்பர் டேப் ஒட்டி நான்கு மூலையிலும் புள்ளி விழுகிறதா என்று பார்ப்பீர்கள். விற்றவர் சொன்ன "வெளியே வராது" அந்த நேரத்துக்குப் பொருந்தாது. 500 மில்லிவாட்டைத் தாண்டினாலே நான்காம் வகுப்பு லேசர், இது 80 வாட். கண்ணுக்கும் தெரியாது. பல்ஸ் பட்டனில் ஒருவர், டேப்புக்குப் பக்கத்தில் இன்னொருவர் என்று நின்று இதைச் செய்யாதீர்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்யட்டும், குறைந்த பவரில், 10,600 நானோமீட்டர் என்று அச்சிட்ட பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. (இந்த சிஓ2 லேசரை 1964-ல் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர், மகாராஷ்டிரத்து பாராமதியில் பிறந்த குமார் படேல்.)

பின்னால் ஸ்டீலில் மார்க் செய்ய ஃபைபர் மெஷின் ஒன்றும் வாங்கினால், அந்தக் கண்ணாடியை அங்கே போடாதீர்கள். ஃபைபர் மெஷினின் கதிர் 1064 நானோமீட்டர். இந்த மெஷினின் மூடி மாதிரியான தெளிந்த அக்ரிலிக்கைத் தாண்டிப் போய் விழித்திரையைச் சுடும். அதற்கு 1064 என்று அச்சிட்டது தனியாக வாங்க வேண்டும்.