துருவக் கடல் ஆராய்ச்சிக் கப்பலில் இரண்டு மாதம்: அப்பா வேண்டாம் என்கிறார், போகலாமா?

கேள்வி: முனைவர் பட்ட மாணவி நான். தென் பெருங்கடல் பயணத்தில் இடம் கிடைத்திருக்கிறது. குளிரையும் அலையையும் தாங்க முடியுமா? அப்பா வேண்டாம் என்கிறார்.

பதில்:

போய் வாங்க. குளிரைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு, அப்பாவைப் பற்றி அரை வரியில் நிறுத்தியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்த அரை வரியாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். "கடல்ல ரெண்டு மாசம், அத்தனை ஆம்பளைக நடுவுல, எதுக்கும்மா?" என்று கேட்டார். அம்மா பேசவே இல்லை.

1983-ல் கிளம்பிய மூன்றாவது இந்திய அண்டார்டிகா பயணத்திலேயே அதிதி பந்தும் சுதீப்தா சென்குப்தாவும் போய்விட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அதிதி பந்த் கடலியல் ஆராய்ச்சியாளர். நான் கற்றுக்கொண்டிருந்ததும் அந்தத் துறையைத்தான். அப்பா அரை மனதாகச் சம்மதித்தார். நீங்களும் இதைச் சொல்லிப் பாருங்கள்.

குளிரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பலுக்குள் கதகதப்பாகவே இருக்கும், நாங்கள் சாதாரண சட்டையோடுதான் நடமாடினோம். கோடை மாதங்களில் போவதால் வெளியேயும் படங்களில் பார்க்கிற அளவு குளிர் கிடையாது. பாடாய்ப் படுத்தியது அலைதான். கேப் டவுனை விட்டு நாற்பதாம் அட்சரேகையைத் தாண்டியதும் மேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. அதைத் தடுக்க அங்கே பெரிதாக நிலமே இல்லை. உலகத்தைச் சுற்றி வரும் காற்று அது. மூன்று நாள் வறட்டு ரொட்டியும் வெந்நீரும்தான் உள்ளே போயின. தட்டு நகராமல் இருக்க மேசை விரிப்பை நனைத்து விரித்திருப்பார்கள். மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியில் லைஃப் ஜாக்கெட்டைச் செருகி, சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் படுக்கக் கற்றுக்கொண்டேன். நாலாம் நாள் பசித்தது. அப்புறம் திரும்பி வரும்வரை வாந்தி இல்லை. எல்லாருக்கும் அப்படி ஆகிவிடாது. எங்களோடு வந்த ஒருவர் கடைசிவரை மாத்திரையில்தான் ஓட்டினார்.

கறிவேப்பிலைப் பொடி கொண்டுபோங்கள். மூன்றாவது வாரத்துக்கு மேல் பச்சையாக எதுவும் கண்ணில் படாது.

வேலை முறைக்கணக்கு. எனக்குப் பகல் 12 முதல் 4, இரவு 12 முதல் 4. கிழக்கே போகப் போக கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரமாக முன்னே தள்ளுவார்கள். தள்ளுகிற அன்று தூக்கம் ஒரு மணி நேரம் குறையும். உடம்பு இதற்குப் பழக ஒரு வாரம் பிடித்தது.

ஒரு இரவைச் சொல்கிறேன். 58 டிகிரி தெற்கு இருக்கும். ஆழம் 4,000 மீட்டருக்கு மேல். நீளமான நீர் மாதிரிக் குப்பிகளை வட்டமாக அடுக்கிய இரும்புச் சட்டத்தைக் கம்பியில் இறக்கினோம். விநாடிக்கு ஒரு மீட்டர் என்றால், அடியைத் தொடவே ஒரு மணி நேரத்துக்கு மேல். மேலே வரும்போது ஒவ்வோர் ஆழத்திலும் நிறுத்தி ஒரு குப்பியை மூட வேண்டும். சட்டம் தளத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க நீர் பிடிப்பதுதான் முதல் வேலை, அது என் பொறுப்பு.

குப்பியின் மேலே உள்ள காற்றுத் திருகைத் திறக்காமலே கீழே உள்ள குழாயை அமுக்கிப் பார்க்க வேண்டும். நீர் வரக்கூடாது. வந்தால் குப்பி எங்கோ கசிகிறது, வரும் வழியில் மேல் நீர் கலந்துவிட்டது என்று பொருள். அடியில் மூடிய முதல் குப்பியை அமுக்கினேன். சர்ரென்று என் கையுறை மேல் கொட்டியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த மூடியில் இருந்த ரப்பர் வளையம் வெடிப்பு விட்டிருந்தது. வளையங்களை மாற்ற வேண்டும் என்று கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்று கொட்டேஷன் வேண்டும் என்றார்கள், வாங்கிக் கொடுத்தேன். ஒன்றில் முத்திரை தெளிவாக இல்லை என்று திருப்பினார்கள். மறுபடி கொடுத்தேன், நிதியாண்டு முடிந்துவிட்டது என்றார்கள். வரிப்பணத்துக்குக் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அப்படி எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்து, அத்தனை பேரை அழைத்துப்போய், அவ்வளவு எண்ணெய் எரித்து எடுக்கிற நீர் ஒரு ரப்பர் வளையத்தில் போய்விடுகிறது. இன்னும் மனசு ஆறவில்லை.

நல்லவேளை, அடி ஆழத்தில் இரண்டு குப்பிகளை மூடச் சொல்லியிருந்தார் எங்கள் முறையில் இருந்த மூத்தவர். இரண்டாவது கசியவில்லை. ரப்பர் குழாயைக் கண்ணாடிப் புட்டியின் அடிவரை விட்டு, ஒரு குமிழிகூட நுழையாமல் நிரப்பி, வழியவிட்டு, ஆக்சிஜனைப் பிடித்து வைக்கிற இரண்டு ரசாயனங்களையும் செலுத்தி மூடிக் குலுக்கினேன். உள்ளே பழுப்பாகத் திரண்டு படியும். ஆக்சிஜன் அதிகமானால் பழுப்பு அடர்த்தியாகும். மேல் நீருக்கு நல்ல அடர் பழுப்பு, நடு ஆழத்து நீருக்கு வெளிர்.

மறுநாள் ஆடுகிற மேசையில் நின்று வரிசையாக டைட்ரேஷன் செய்தேன். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீல நிறம் மறைய எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்து ஆக்சிஜனைக் கணக்கிடுவது அது. மேலிருந்து ஆழம் போகப் போக ஆக்சிஜன் குறைந்தது. அப்புறம், அடி நீரில் எண் மறுபடி ஏறியது. புத்தகத்தில் பத்து தடவை படித்ததுதான். ஆனாலும் நீலம் மறைகிற அந்தக் கடைசிச் சொட்டுக்காக, இன்னும் மறையவில்லை, இன்னும் மறையவில்லை என்று நான் பார்த்துக்கொண்டே நின்றபோது கை நடுங்கியது. மேலே காற்றைத் தொடும்போது வாங்கிய ஆக்சிஜன் கீழே போனபின் குறைந்துகொண்டே வரும். அப்படியென்றால் நாலு கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த அந்த நீர், நடுவில் இருந்த நீரைவிடச் சமீபத்தில்தான் காற்றைத் தொட்டிருக்கிறது. அண்டார்டிகா கரையோரம் மேலே இருந்து, மூழ்கி, கடல் தரையோடு வடக்கே நகர்ந்து வந்த நீர் அது.

அதற்குப் பிறகு பிரிட்ஸ் விரிகுடாப் பக்கம் பனிக்கட்டிக் கடலுக்குள் போனோம், பாரதி நிலையம் இருக்கிற பகுதி. தலைமாட்டில், இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம், பனிக்கட்டி உரசுகிற சத்தம் இரவெல்லாம் கேட்கும். இரவு என்பதே பேச்சுக்குத்தான். சூரியன் இறங்காது, ஜன்னலில் கறுப்புத் துணி கட்டித்தான் தூங்கினோம்.

பாதுகாப்பைப் பற்றி அப்பா கேட்பார். என் அறையில் இன்னொரு பெண் இருந்தார், கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு, மருத்துவர் உண்டு. தனியாக வெளித்தளத்துக்குப் போகக்கூடாது, ஆணும்கூட. எனக்கு எந்தத் தொந்தரவும் வரவில்லை. என் ஒருத்தி அனுபவம் இது, எல்லாக் கப்பலுக்கும் நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது. உங்களுக்கு முன் போன பெண்கள் இரண்டு பேரிடமாவது நேரில் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஊருக்கு வந்ததும் அப்பா என்ன செய்தாய் என்று கேட்டார். அடி நீரைப் பற்றிச் சொன்னேன். கடல் நீர் பனியாக உறையும்போது உப்பை வெளியே தள்ளும், அந்த உப்பு சேர்ந்து மிச்ச நீர் கனத்து அடியில் இறங்கும் என்றேன். அவர் பாத்தியில் வெயில் நீரை எடுத்துக்கொள்ளும், இங்கே பனி எடுத்துக்கொள்கிறது. அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"டிகிரி எவ்வளவும்மா இருக்கும்?" என்றார். உப்பளத்தில் டிகிரி என்றால் சூடு இல்லை, நீரில் உப்பு எவ்வளவு அடர்த்தி என்று மானியில் பார்க்கிற அளவு. கடல் நீர் மூன்று, மூன்றரை டிகிரி. 25 பக்கம் வந்தால்தான் உப்பு இறங்கும். எங்கள் உப்பு அளவை அவர் டிகிரிக்கு மாற்றி மறுநாள் சொன்னேன்: மூன்றரையை ஒட்டித்தான் வருகிறது, மேல் நீருக்கும் அடி நீருக்கும் உங்கள் மானியில் வித்தியாசமே தெரியாது என்று.

"அவ்வளவு கொஞ்சத்துக்கா தண்ணி அடிவரைக்கும் போவுது?"

"குளிரும் சேர்ந்துதான்ப்பா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தக் குப்பியின் படம் இருக்கிறதா என்று கேட்டார்.