தங்கைக்குப் பணம் இப்போதே வேண்டும், புரோபேட் இன்னும் வரவில்லை

கேள்வி: அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. உயிலில் என்னை எக்ஸிகியூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றுபவராகப் போட்டிருக்கிறார். வீடும் வங்கிப் பணமும் எனக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் சம பங்கு. உயில் செல்லும் என்று நீதிமன்றம் சான்று தருகிற புரோபேட்டுக்கான மனு நிலுவையில் இருக்கிறது. கணவரை இழந்த தங்கை, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தவிக்கிறாள். அப்பாவின் ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் என்னிடம் இருக்கின்றன. பணம் எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு அவள் பங்கில் கழித்துக்கொண்டால் தவறா?

பதில்: தவறுதான். கார்டை இன்றே வங்கியில் ஒப்படைத்துவிடுங்கள். அந்தக் கார்டைப் பயன்படுத்தும் உரிமை அப்பாவோடு முடிந்துவிட்டது. நல்ல காரியத்துக்குத்தான் எடுத்தீர்கள் என்றாலும், நாளைக்குத் தம்பி கணக்கு விவரத்தைப் பார்க்கும்போது, இறந்த தேதிக்குப் பிறகு நடந்த ஒவ்வொரு எடுப்பும் கேள்வியாக நிற்கும். எக்ஸிகியூட்டரின் பலமே அவர்மேல் மற்றவர்களுக்கு உள்ள நம்பிக்கைதான்.

சரி, தங்கைக்கு என்ன வழி? உயிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத பணம் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஆயுள் காப்பீடு, வேலை செய்த இடத்தின் சேமநிதி, இருவர் பெயரில் உள்ள கணக்கு ஆகியவை பெரும்பாலும் இறப்புச் சான்றிதழும் விண்ணப்பமும் கொடுத்தாலே கைக்கு வந்துவிடும். அப்பாவின் பழைய கோப்புகளை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து புரட்டுங்கள். மறந்துபோன பாலிசி கிடைப்பது அபூர்வமல்ல. ஆனால் நாமினி என்று பெயர் இருப்பதாலேயே பணம் அவருக்கே சொந்தமாகிவிடாது. பல இடங்களில் அவர் வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. வங்கியிலும் கேளுங்கள். தொகை சிறியதாக இருந்தால் எல்லா வாரிசுகளும் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, புரோபேட் இல்லாமலே பெற முடிகிற இடங்கள் உண்டு.

அதுவும் இல்லையென்றால், உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து கடனாகக் கொடுங்கள். தொகை, தேதி, அவள் பங்கில் இதைக் கழித்துக்கொள்ளலாம் என்ற சம்மதம், மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்குங்கள். தம்பியையும் சாட்சியாகப் போடச் சொல்லுங்கள். கூடப்பிறந்தவளிடம் எழுதி வாங்குவது கூச்சமாக இருக்கும், தெரியும். அந்தத் தாள்தான் பிறகு அவளையும் காப்பாற்றும். திரும்பி வராமல் போனாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள், ஏனென்றால் அப்பாவின் கடன்கள் அடைந்த பிறகு மிஞ்சுவதுதான் பங்கு. வரப்போகும் சொத்தைக் காட்டி வெளியில் வட்டிக்கு வாங்க அவளை விடாதீர்கள். புரோபேட் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் வட்டி அவள் பங்கைத் தின்னும். மனுவின் நகலோடு கல்லூரியில் தவணை கேட்டுப் பார்க்கலாம்.

அவசரப்பட்டுப் பிரித்தால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். என் பெரியப்பாவின் உயிலுக்கு நான்தான் எக்ஸிகியூட்டர். புரோபேட் கிடைத்த அதே வாரம், எல்லோரும் கஷ்டத்தில் இருக்கிறார்களே என்று மொத்தத்தையும் பங்கிட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு நோட்டீஸ் வந்தது. பெரியப்பா நண்பர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்திருக்கிறார். இரண்டு பேர் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். மூன்றாவது ஆள் செலவழித்துவிட்டார். அந்தப் பங்கை இரண்டு வருடம் நான் கட்டினேன்.

இதற்காகத்தான் சட்டமே எக்ஸிகியூட்டருக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கிறது. இங்கிலாந்தின் 1925-ஆம் ஆண்டு இறந்தவர் சொத்து நிர்வாகச் சட்டமும், அதே ஆண்டில் வந்த இந்திய வாரிசுரிமைச் சட்டமும், இறந்த நாளிலிருந்து ஒரு வருடம் முடியும் முன்னால் பங்கைக் கொடுத்தே தீர வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை.

அதற்காக வீடு விற்கும்வரை தங்கையைக் காக்க வைக்க வேண்டியதில்லை. புரோபேட் கைக்கு வந்ததும், தெரிந்த கடன்களையும் வரிகளையும் தீர்த்து, தெரியாத கடனுக்கென்று தாராளமாக ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு, மிச்ச வங்கிப் பணத்தில் ஒரு பகுதியை மூவருக்கும் ஒரே நாளில் முன்பங்காகக் கொடுங்கள். நீங்கள் கொடுத்த கடனை அப்போது தங்கையின் பங்கில் கழித்து, ரசீதில் அதையும் எழுதி, மூவரும் கையெழுத்துப் போடுங்கள்.