பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால்தான் பகலின் நீளம் மாறுகிறது என்றால், சென்னையில் அது ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை?

சென்னையிலும் மாறத்தான் செய்கிறது. ஜூன் 21 அளவில் இங்கே பகல் ஏறத்தாழ 12 மணி 53 நிமிடம்; டிசம்பர் 21 அளவில் 11 மணி 22 நிமிடம். இந்த ஒன்றரை மணி நேர வேறுபாடு ஆறு மாதங்களில் சிறிது சிறிதாகச் சேர்வதால் நாம் அதைக் கவனிப்பதில்லை.

கோடையில் மின்தடை ஏற்பட்ட ஓர் இரவில், எலுமிச்சம்பழத்தில் ஈர்க்குச்சி ஒன்றைச் செருகி, அதன் மேல் பேனாவால் மூன்று வட்டங்கள் வரைந்து, மெழுகுவத்தியைச் சுற்றிக் கொண்டுபோய் என் மகளுக்கு இதை விளக்கினேன். நடுவட்டம் நிலநடுக்கோடு, சற்று மேலே, 13 பாகையில், சென்னை, குச்சியின் நுனிக்கருகே நார்வேயின் ட்ரோம்சோ. குச்சி 23.4 பாகை சாய்ந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் அதன் நுனி ஒரே திசையையே பார்க்க வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: அச்சு ஆண்டு முழுவதும் துருவ நட்சத்திரத்தின் பக்கமே நிற்கிறது, சூரியன் இருக்கும் பக்கம்தான் மாறுகிறது. நுனி சுடரை நோக்கிச் சாய்ந்த நிலையில் பழத்தை உருட்டியபோது, நடுவட்டத்தில் சரிபாதியும், சென்னையின் வட்டத்தில் பாதிக்குச் சற்று அதிகமாகவும், ட்ரோம்சோவின் வட்டம் முழுவதும் வெளிச்சத்தில் இருந்தன. அங்கே ஏறத்தாழ இரண்டு மாதங்கள் சூரியன் மறைவதே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

இந்தச் சாய்வைச் சென்னையில் பார்க்க விரும்பினால், கடிகாரத்தை விட்டுவிட்டுத் திசையைக் கவனியுங்கள். மெரினாவில் ஜூன் மாதச் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. டிசம்பரில் அதே அளவு தெற்கே. ஏப்ரல் 24 அன்று பகல் 12 மணி 7 நிமிட அளவில் மொட்டைமாடியில் நேராக நட்டுவைத்த கம்பிக்கு நிழலே இருக்காது. ஆகஸ்ட் 18 அளவில் மறுபடியும் அப்படியே நிகழும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிவேளை நிழல் தெற்கே விழும். எங்கள் சமையலறையின் வடக்கு ஜன்னல் வழியாக அந்த மாதங்களில் மட்டும் காலை வெயில் மேடைமேல் விழுகிறது. டிசம்பரில் வெயில் தெற்கு அறைக்குள் நுழைந்து உள்சுவரைத் தொடுகிறது.